கோழிக்குஞ்சும் காயிதாவும்



எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டுநாடாவின் தடங்கள் நான்கு இருக்கின்றன. இருமுறை வெள்ளையடித்த பிறகும், மாலை வெயில் சாய்வாக விழும்போது அவை கண்ணுக்குத் தெரிகின்றன. 2020ஆம் ஆண்டு அந்த இடத்தில் ஓர் அட்டவணை தொங்கியது. அதை எழுதி ஒட்டியவள் நான். அதைக் கிழித்து எடுத்தவளும் நானே. அந்த இரண்டுக்கும் இடையில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சிறு பிள்ளைகளை வைத்திருக்கும் சகோதர சகோதரிகளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். என் குறையைச் சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லை என்பதால்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

நான் இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றவள். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், இருபது ஆண்டுகளாகச் சிறு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிறேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் என் உம்மாவின் வீட்டிலேயே இருக்கிறேன். கணவர் வளைகுடாவில் பணி செய்கிறார். மகள் ஒருத்தி; அவளுக்குப் பத்தாண்டுகள் கழித்துப் பிறந்த மகன் ஒருவன். ஊரடங்கு வந்தபோது அவனுக்கு ஐந்து வயது.

அந்த மார்ச் மாதத்தின் இறுதியை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிவாசலில் ஜமாஅத் நின்றது. மதரசா பூட்டப்பட்டது. விமானங்கள் நின்றதால் என் கணவர் இருந்த இடத்திலேயே அகப்பட்டுக்கொண்டார். மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு எப்போது என்று தெரியவில்லை. உம்மாவுக்கோ சர்க்கரை நோய். எந்தச் செய்தியைக் கேட்டாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். என் கையில் இருந்த ஒரே ஒழுங்கு, மதரசாவின் ஒழுங்கு. ஆகவே அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் சூரா மனனம். காலை ஒன்பது மணிக்குக் காயிதா. அஸருக்குப் பின் துஆக்கள். மக்ரிபுக்குப் பின் அன்றைய பாடம் முழுவதையும் திருப்பி ஒப்பித்தல். சரியாக ஓதினால் பச்சைப் புள்ளி, தவறினால் சிவப்புப் புள்ளி. அட்டவணையைப் படமெடுத்துப் பெற்றோர் குழுவில் அனுப்பினேன். 'மாஷா அல்லாஹ்' என்று பலரும் எழுதினார்கள். அது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மூன்றாவது வாரத்தில் மகன் வயிற்று வலி என்றான். காயிதாவை எடுக்கும்போது வலி வரும். மூடி வைத்தால் போய்விடும். சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். நகத்தைக் கடிக்கத் தொடங்கினான். கட்டைவிரலில் இரத்தம் கசியும் வரை கடித்தான். கையைத் தட்டிவிட்டேன். மூன்று வயதிலேயே நின்றுவிட்ட பழக்கம் திரும்பி, இரவில் படுக்கையை நனைத்தான். "இவ்வளவு பெரிய பிள்ளை!" என்றேன். இவை ஒவ்வொன்றையும் தனித்தனிக் குற்றமாகவே பார்த்தேன். மூன்றும் சேர்ந்து ஒரு செய்தியைச் சொல்கின்றன என்பது எனக்கு உறைக்கவில்லை.

அந்த நாட்களில் உம்மாவின் அடைக்கோழி ஏழு குஞ்சுகள் பொரித்திருந்தது. அவற்றில் சற்று நொண்டியாக இருந்த ஒன்றை மகன் தன்னுடையது என்று வைத்துக்கொண்டான். அதற்கு 'மஞ்சள்' என்று பெயரிட்டான். பாட வேளை முடிந்ததும் கொல்லைப்புறத்துக்கு ஓடிவிடுவான். ஒருநாள் காலை அந்தக் குஞ்சு தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்து கிடந்தது. அதை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றான். அழவில்லை, உதடு மட்டும் நடுங்கியது. அப்போது மணி ஒன்பது.

"கோழிக்குஞ்சுக்கெல்லாம் யாராவது இப்படி நிப்பாங்களா? கையைக் கழுவிட்டு வந்து உக்காரு, நேரமாச்சு" என்றேன்.

அவன் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். அன்று ஏழு இடங்களில் தவறினான். ஏழு சிவப்புப் புள்ளிகள் வைத்தேன்.

இரண்டு நாட்கள் கழித்து, இரவு விளக்கை அணைத்த பிறகு, இருட்டுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "உம்மா, மஞ்சள் செத்துப்போனது நான் தப்பா ஓதினதுனாலயா?"

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றேன். "தப்பா ஓதினா அல்லாஹ்வுக்குப் புடிக்காது, வீட்ல பரக்கத் போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றான். பிறகு இன்னொன்றும் கேட்டான்: "வாப்பா வராததும் அதனாலயா?"

ஐந்து வயதுப் பிள்ளை உலகத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் தன்னையே காரணமாக எண்ணிக்கொள்ளும். அது அந்த வயதின் இயல்பு. நானோ அந்த இயல்பின் மேல் என் சொல்லால் ஒரு பாறாங்கல்லைத் தூக்கி வைத்திருந்தேன். ரஹ்மானும் ரஹீமுமான இறைவனின் பெயரைச் சொல்லித் தொடங்கும் பாடத்தில், என் பிள்ளை அவனைத் தன் கோழிக்குஞ்சைக் கொன்றவனாகவும், தன் வாப்பாவைத் தடுத்து வைத்தவனாகவும் கற்றுக்கொண்டிருந்தான். கற்பித்த ஆசிரியை நான்.

"இல்லை வாப்பா, இல்லை" என்று அவனை அணைத்துக்கொண்டேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

அன்றிரவு தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோது நினைவுக்கு வந்தது அபூ உமைர் (ரலி) அவர்களின் செய்தி. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள நிகழ்ச்சி அது. அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூ உமைர். அவர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார், அது இறந்துவிட்டது. அவ்வீட்டுக்கு வந்த நபி (ஸல்) அவர்கள் சிறுவரின் முகவாட்டத்தைக் கண்டு காரணம் விசாரித்தார்கள். பிறகு அவருடைய பெயரோடு குருவியின் பெயர் ஓசை ஒத்துவரும்படி இனிமையாக விளித்து, அந்தக் குருவிக்கு என்ன ஆயிற்று என்று அவரிடமே கேட்டார்கள். ஒரு சமுதாயத்தின் சுமை முழுவதையும் தோளில் தாங்கியவர்கள், ஒரு சிறுவரின் செத்த குருவிக்காக நின்று கேட்டார்கள்.

இந்த ஒரு ஹதீஸிலிருந்து ஷாஃபிஈ சட்ட அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அறுபது பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார்கள். பட்டயத் தேர்வுக்காக அவற்றில் பலவற்றை நான் மனனம் செய்திருக்கிறேன். பிள்ளை பெறாதவருக்கும் சிறுவருக்கும் குன்யத் பெயர் சூட்டலாம், சிறுவர் பறவையோடு விளையாடலாம் என்றெல்லாம் வரிசையாகச் சொல்வேன். ஆண்டுதோறும் மதரசாவில் நடத்தியும் வந்தேன். அந்த ஹதீஸே என் கூடத்தில் உயிரோடு வந்து நின்றபோது, இரு கைகளிலும் ஒரு குஞ்சை ஏந்தி என் முன்னால் நின்றபோது, கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார் என்றேன்.

காலையில் அட்டவணையைக் கழற்றினேன். உம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் சொல்லணும்னுதான் இருந்தேன், நீ ஓதிக் கொடுக்கிற புள்ளையாச்சே, உனக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்" என்றார்கள். ஆனால் நான் எதிர்பார்க்காத சொல் மகளிடமிருந்து வந்தது. "மூத்தவளையும் இப்படித்தானே வளர்த்தேன், அவள் நன்றாக ஓதவில்லையா" என்று அதுவரை எனக்கு நானே சொல்லி வந்தேன். அவள் என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு, "எனக்கும் வயிறு வலிக்கும் உம்மா. நான் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்" என்றாள். அவள் குரலில் குறை இல்லை. அதனாலேயே அது என்னை இன்னும் அதிகமாகச் சுட்டது.

அன்று மகனை அழைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். உம்மா அந்தக் குஞ்சை முருங்கை மரத்தடியில் புதைத்திருந்தார்கள். அந்த இடத்தில் இருவரும் உட்கார்ந்தோம். "மஞ்சள் எப்படி நடக்கும், எனக்குக் காட்டு" என்றேன். எழுந்து நொண்டி நொண்டி நடந்து காட்டினான். அப்போதுதான் அழுதான். நெடுநேரம் அழ விட்டேன். நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார்கள் என்பதைச் சொன்னேன். உம்மா தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று கேட்டேன். என் மாணவப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேனே தவிர, ஒரு பிள்ளையிடம் நான் கேட்டது அதுவே முதன்முறை.

வயிற்று வலிக்காகக் குழந்தை நல மருத்துவர் ஒருவரிடமும் காட்டினோம். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார் அவர். எத்தனை மணி நேரம் தூங்குகிறான், எவ்வளவு நேரம் விளையாடுகிறான், யாரைக் கண்டு பயப்படுகிறான் என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்கு நான் தலைகுனிந்தேன். படுக்கை நனைப்பதற்கும் நகம் கடிப்பதற்கும் திட்டக் கூடாது, திட்டத் திட்ட அது கூடும் என்று சொல்லி அனுப்பினார். கண்ணேறு என்று ஓதிப் பார்ப்பதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். ஓதிப் பார்ப்பது சுன்னத்து. மருத்துவம் தேடுவதும் சுன்னத்து. இரண்டும் கூடி நடக்க வேண்டியவை.

பத்து நாட்கள் எந்தப் பாடமும் வேண்டாம் என்று விட்டேன். அந்தப் பத்து நாட்களில்தான் ஒன்றைக் கண்டேன்: பாடம் நின்றாலும் பிள்ளை கற்பது நிற்பதில்லை. உம்மாவின் பின்னால் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் கோழிக்கூட்டுக்கும் போய்வந்துகொண்டே இருந்தான், கேட்டுக்கொண்டே இருந்தான். வீட்டை மதரசாவாக மாற்ற வேண்டியதில்லை, வீடு வீடாக இருந்தாலே போதும் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அதன் பிறகு நாங்கள் செய்தவற்றில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். எதற்கும் காசு செலவில்லை. எதுவும் கால் மணி நேரத்துக்கு மேல் நீளவில்லை.

முதலாவது, உளூச் செய்யும் தண்ணீர். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரில் உளூச் செய்வார்கள் என்று ஹதீஸில் வருகிறது. ஷாஃபிஈ நூல்களின் கணக்குப்படி அது முக்கால் லிட்டருக்கும் குறைவு. அடுப்படியிலிருந்த அளவுக் குவளையில் அந்த நீரை மகனே அளந்து எடுப்பான். அதற்குள் உளூவை முடிக்க முடியுமா என்று எங்களுக்குள் ஒரு போட்டி. அவசரப்பட்டால் நீர் தீர்ந்துவிடும். ஆகவே மெல்ல ஊற்ற வேண்டும். ஒவ்வோர் உறுப்பிலும் நீர் ஓடுவதைக் கவனிக்க வேண்டும். அளவும் எண்ணும் சிக்கனமும் அதில் இருந்தன. அவற்றைவிட, படபடத்துத் திரிந்த பிள்ளை அந்த ஐந்து நிமிடத்தில் அடங்கி நின்றான். கோபம் வந்தால் உளூச் செய்யும்படி வந்துள்ள வழிகாட்டுதலின் பொருளை, நானும் அவன் அருகில் நின்றுதான் உணர்ந்தேன்.

இரண்டாவது, புளியங்கொட்டை எழுத்துகள். முறத்தில் கடல் மணலைப் பரப்பி, விரலால் படகு போல் ஒரு கோடு இழுப்போம். கீழே ஒரு புளியங்கொட்டை வைத்தால் 'பா'. மேலே இரண்டு வைத்தால் 'தா'. மேலே மூன்று வைத்தால் 'ஸா'. தவறாக வைத்தால் எடுத்து மாற்றி வைக்கலாம். மணலில் சிவப்புப் புள்ளி நிற்காது. காயிதாவின் முதல் பக்கத்தைப் பார்த்தாலே சுருங்கியவன், முறத்தை அவனே எடுத்து வந்து, "உம்மம்மா, உங்களுக்கு 'ஸா' சொல்லித் தரவா?" என்று கேட்டான். என் உம்மா அறுபது ஆண்டுகளாகக் குர்ஆன் ஓதுபவர்கள். "சொல்லித் தா வாப்பா" என்று அவன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது, கடுகு. லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குச் சொன்ன அறிவுரையில் கடுகு மணி வருகிறது. அவ்வளவு சிறியது பாறைக்குள்ளோ வானத்திலோ பூமியிலோ எங்கிருந்தாலும் அல்லாஹ் அதை அறிந்து வெளிக்கொணர்வான் என்பது அதன் கருத்து. ஒரு கடுகை மகனின் உள்ளங்கையில் வைத்தேன். அதை அரிசிப் பானைக்குள் போடச் சொன்னேன். இருவரும் தேடினோம், கிடைக்கவில்லை. "நமக்குக் கிடைக்கலை, அல்லாஹ்வுக்கு அது எங்கே இருக்குன்னு தெரியும்" என்றேன். மதரசாவில் இந்த வசனத்தைக் கேள்விக் கணக்கை நினைவூட்டும் எச்சரிக்கையாகவே எப்போதும் நடத்தியிருந்தேன். அவனோ சற்று யோசித்துவிட்டு, "அப்ப மஞ்சள் எங்க இருக்குன்னும் அல்லாஹ்வுக்குத் தெரியும்ல?" என்றான். தெரியும் என்றேன். அவன் முகம் தெளிந்தது. லுக்மான் அவர்கள் மகனை அழைக்கும் சொல், 'மகன்' என்பதைச் செல்லமாகச் சுருக்கி அழைக்கும் வடிவம் என்பதை அன்று மீண்டும் எடுத்துப் பார்த்தேன். கண்டிப்பான உபதேசங்களும் அந்தச் செல்லச் சொல்லுக்குப் பிறகே தொடங்குகின்றன.

நான்காவது, காற்று கேட்பது. எங்கள் ஊர்க் கடல்தொழில் செய்பவர்களுக்கு ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் ஒரு பெயர் உண்டு. கொண்டல், கச்சான், வாடை என்று சொல்வார்கள். மாலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, "இன்னைக்கு உனக்குள்ள என்ன காத்து?" என்று கேட்பேன். கச்சான் என்றால் கோபம். வாடை என்றால் பயம் அல்லது வருத்தம். கொண்டல் என்றால் மகிழ்ச்சி. இது நாங்களாக வைத்துக்கொண்ட கணக்கு. 'பயமாக இருக்கிறது' என்று சொல்லத் தெரியாத பிள்ளை, 'வாடை உம்மா' என்று எளிதாகச் சொல்லிவிடும். காரணம் கேட்டுத் துருவ மாட்டேன். அவன் சொன்னால் கேட்பேன். என்னிடமும் அவன் கேட்பான். கணவர் இருந்த ஊரில் தொற்று கூடிய நாளில், "எனக்கும் வாடைதான்" என்று உண்மையைச் சொன்னேன். அவன் என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டான். காற்று மாறும் என்பது கடற்கரைப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐந்தாவது, பக்கத்து வீட்டுக் கிண்ணம். குழம்பில் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் நினைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அபூ தர் (ரலி) அவர்களுக்குச் சொன்னார்கள். அந்த ஆண்டு ரமலானில் பள்ளிவாசல் கஞ்சி இல்லை, வீட்டில்தான் காய்ச்சினோம். அரிசி கழுவுவதும் வெந்தயம் எண்ணிப் போடுவதும் மகன் வேலை. தனியாக இருக்கும் பக்கத்து வீட்டு மூதாட்டியின் வாசலில் கிண்ணத்தை வைத்துவிட்டு, எட்ட நின்று ஸலாம் சொல்வதும் அவன் வேலை. தன்னால் கேடுதான் வரும் என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தன்னால் ஒருவர் நோன்பு திறக்கிறார் என்று தெரிந்தது.

ஆறாவது, இரவு. உறங்கும் முன் இக்லாஸ், ஃபலக், நாஸ் மூன்று சூராக்களையும் ஓதி, உள்ளங்கைகளில் ஊதி, உடலில் தடவிக்கொள்வது நபி (ஸல்) அவர்களின் வழக்கம் என ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். இதை நான் ஒப்பிக்கும் பாடமாகவே வைத்திருந்தேன். இப்போது நான் ஓத, அவன் தெரிந்ததை மட்டும் கூடச் சொல்லுவான். ஊத வேண்டுமென்றால் மூச்சை உள்ளே இழுத்து மெல்ல விட வேண்டும். மூன்று முறை அப்படி ஊதுவதற்குள் பிள்ளையின் மூச்சு சீராகிவிடும். சில இரவுகளில் அவன் வாப்பா கைப்பேசியின் அந்தப் பக்கத்திலிருந்து ஊதுவார். இவன் இந்தப் பக்கம் கையை நீட்டுவான். இந்த மூன்று சூராக்களையும் அவனுக்கு நான் மனனம் செய்விக்கவேயில்லை. ரமலான் முடிவதற்குள் அவை அவனிடம் தாமாகவே வந்திருந்தன.

இதைப் படிக்கும் சிலருக்கு ஒரு கேள்வி எழும். பிள்ளைகளை இப்படி விட்டுவிட்டால் ஒழுங்கு எங்கிருந்து வரும்? மதரசாவில் தாய்மார்கள் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். நானே அதைக் கேட்டவள்தான். தொழும்படி பிள்ளைகளுக்கு ஏவ வேண்டிய வயது ஏழு என்று ஹதீஸ் சொல்கிறது. அந்த ஏழு ஆண்டுகள் வீணாக விடப்பட்டவை அல்ல. அவை பார்த்துப் பழகும் ஆண்டுகள். நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுதார்கள். தொழுகையை நீட்ட நினைத்தவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டுச் சுருக்கினார்கள். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை ஒருமுறைகூட 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று கடிந்துகொண்டதில்லை. அதே வேளையில், உணவுத் தட்டில் கை அலைந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களுக்கு, அல்லாஹ்வின் பெயர் சொல்லி, வலக் கையால், தமக்கு அருகிலுள்ளதை உண்ணும்படித் தெளிவாகக் கற்றுக்கொடுத்தார்கள். கற்பித்தல் இருந்தது; அச்சுறுத்தல் இல்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யா உலூமித்தீனில், ஓதிவிட்டு வரும் பிள்ளையைக் களைப்புத் தீர விளையாட விட வேண்டும் என்றும், ஓயாமல் கல்வியைச் சுமத்தினால் அதன் உள்ளம் மடிந்து அறிவு மழுங்கிவிடும் என்றும் எழுதியிருக்கிறார்கள். 1377ஆம் ஆண்டில் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் (ரஹ்), மாணவரிடம் கடுமை காட்டுவதன் கேட்டைப் பற்றித் தனி அத்தியாயமே வைத்தார்கள். கடுமையில் வளரும் பிள்ளை தண்டனைக்கு அஞ்சிப் பொய்யும் வேடமும் கற்றுக்கொள்கிறது, பின் அதுவே குணமாகிவிடுகிறது என்பது அவர்களுடைய கண்டறிதல். என் மகன் வயிற்று வலியாலும், என் மகள் மௌனத்தாலும் சொன்னதை, அவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நூல்களின் பெயர்களைத் தேர்வுத் தாளில் சரியாக எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் நான்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. படுக்கை நனைவது நிற்க மூன்று மாதம் ஆயிற்று. நகம் கடிப்பது இன்றும் பள்ளித் தேர்வுக் காலத்தில் எட்டிப் பார்க்கிறது. நானும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. குரல் உயர்ந்த நாட்கள் பின்னரும் இருந்தன. ஆனால் உயர்ந்த பின் மன்னிப்புக் கேட்கத் தெரிந்திருந்தது. நின்றுகொண்டிருந்தால் உட்காரவும் தெரிந்திருந்தது.

2021ஆம் ஆண்டின் இறுதியில் சிறு பிள்ளைகள் மதரசாவுக்குத் திரும்பியபோது, அவர்களில் சிலர் வீட்டில் மரணத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். முதல் ஐந்து நிமிடம் கிதாபைத் திறக்காமல், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரித்தேன். பாடம் குறைகிறதே என்று ஒரு தாய் குறைப்பட்டார்கள். குறைந்தது உண்மைதான், அவ்வாண்டு வழக்கமான பக்கங்களை எட்டவில்லை. ஆனால் அஸர் பாங்கு சொன்னதும் பிள்ளைகள் ஓடி வருவதை, இத்தனை ஆண்டுகளில் அப்போதுதான் பார்த்தேன். அதுவரை அவர்கள் நடந்துதான் வருவார்கள்.

என் மகன் இப்போது பத்து வயது கடந்தவன். அவன் அக்காள் குர்ஆனை முதன்முறை ஓதி முடித்த வயதைவிட இரண்டு ஆண்டுகள் பிந்தியே அவன் ஓதி முடித்தான். முடித்த அன்று, முருங்கை மரத்தடிக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறையில் வரும்போது ஒருநாள், "எனக்குக் காத்து கேக்கவே இல்லையே உம்மா" என்றாள். அன்று மாலை அவளோடும் மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். இருபது வயதுப் பெண்ணிடம் கேட்கக் காலம் கடந்துவிட்டதோ என்ற கூச்சம் எனக்கு இருந்தது. அவளுக்கு இருக்கவில்லை.

அன்பான பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை சூராக்கள் மனனமாயின என்று எண்ணுங்கள், அதில் தவறில்லை. அதோடு, அல்லாஹ்வின் பெயரைக் கேட்கும்போது பிள்ளையின் முகம் மலர்கிறதா, சுருங்குகிறதா என்றும் பாருங்கள். அது எந்த அட்டவணையிலும் ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

யா அல்லாஹ்! அறியாமல் நாங்கள் பிள்ளைகளின் உள்ளத்தில் விதைத்த அச்சத்தை அகற்றுவாயாக. உன்னை நேசிப்பவர்களாக அவர்களை வளர்க்கும் தகுதியை எங்களுக்குத் தருவாயாக. எங்களை நோகச் செய்யாமல் எங்களைப் பொறுத்துக்கொண்ட எங்கள் பிள்ளைகளுக்கு நீ ஈருலகிலும் நன்மை செய்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.